பழைய புல்லட் இன்ஜினைத் திண்டுக்கல் ஏன் இன்னும் விடவில்லை?

‘காஸ்ட் அயர்ன் புல்லட்’ என்று ஊரில் சொல்கிற பழைய புல்லட்டின் தயாரிப்பு 2010 வாக்கில் நின்றுபோனது. அதற்குப் பிறகு அதே பெயரில் இரண்டு தலைமுறை இன்ஜின் வந்துவிட்டது. ஷோரூமில் போய்க் கேட்டால் புதுசைத்தான் காட்டுவார்கள். ஆனால் திண்டுக்கல்லில் இருந்து நத்தம், வத்தலகுண்டு, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் என்று பிரிகிற எந்த ரோட்டிலும் அந்தப் பழைய இன்ஜினை இன்னும் கேட்கலாம். வெறும் ஞாயிற்றுக்கிழமை வண்டியாக இல்லை. தோட்டத்துக்குப் போய் வருகிற வண்டியாகவே அது ஓடுகிறது.

இதற்கு ஜனங்கள் சொல்கிற காரணம் கௌரவம். அப்பா ஓட்டிய வண்டி, மாமா வாங்கிக் கொடுத்த வண்டி, போலீஸ் ஏலத்தில் எடுத்த வண்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. சத்தமும் ஒரு காரணம். ஆனால் கௌரவமும் சத்தமும் ஒரு வண்டியை நாற்பது வருஷம் ஓட வைக்காது. ஓட வைப்பது ரிப்பேர். அந்த இன்ஜின் கெட்டுப்போகும், அடிக்கடியே கெட்டுப்போகும். ஆனால் கெட்டுப்போனால் பக்கத்துத் தெருவிலேயே சரியாகிவிடும். புல்லட்டின் வரலாற்றில் அதிகம் பேசப்படாதது இதுதான். இன்று இழந்துகொண்டிருப்பதும் இதைத்தான்.

ஊசி செய்த ஊரில் இருந்து

ராயல் என்ஃபீல்டு என்ற பெயர் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பக்கத்தில் இருக்கிற ரெட்டிச் என்ற ஊரில் இருந்து வந்தது. திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன மாதிரி ரெட்டிச் தையல் ஊசிக்குப் பேர்போன ஊர். இந்த கம்பெனியின் மூலவேரும் 1851-ல் ஜார்ஜ் டவுன்சென்ட் என்பவர் தொடங்கிய ஊசிப் பட்டறைதான். ஊசியில் இருந்து சைக்கிள், சைக்கிளில் இருந்து மோட்டார் சைக்கிள். முதல் மோட்டார் சைக்கிள் 1901-ல் வந்தது. ‘புல்லட்’ என்ற பெயர் 1932-ல் வந்தது. ஆனால் அந்த 1932 வண்டிக்கும் நம் ஊர் புல்லட்டுக்கும் பெயரைத் தவிரப் பெரிய சம்பந்தம் இல்லை.

நம் ஊர் புல்லட்டின் தாத்தா, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த 350 சி.சி. மாடல். டெட் பார்டோ, டோனி வில்சன்-ஜோன்ஸ் ஆகியோரின் வடிவமைப்பு. 1948-ல் போட்டிகளில் ஓட்டிப் பார்த்தார்கள். அந்த வருஷம் இத்தாலியில் நடந்த ஆறு நாள் சோதனை ஓட்டத்தில், வெற்றி பெற்ற பிரிட்டிஷ் அணியில் இரண்டு புல்லட்டுகள் இருந்தன. இரண்டுக்கும் தங்கப் பதக்கம். அடுத்த வருஷமே விற்பனைக்கு வந்தது. பின் சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் வைத்த ‘ஸ்விங் ஆர்ம்’ அமைப்பு அந்தக் காலத்தில் புதுமை. இன்றைக்கு நமக்குப் பழமையின் அடையாளமாகத் தெரிகிற வண்டி, பிறந்தபோது காலத்தை முந்திய வண்டி.

சென்னையில் கே.ஆர். சுந்தரம் ஐயர் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார்ஸ் இதை இறக்குமதி செய்து விற்றது. எல்லைக் காவலுக்குத் தோதான மோட்டார் சைக்கிளைத் தேடிய இந்திய ராணுவம் 1950-களின் தொடக்கத்தில் நூற்றுக்கணக்கில் ஆர்டர் கொடுத்தது. இவ்வளவு வண்டிக்கு வெளிநாட்டுப் பணத்தைச் செலவழிப்பதைவிட இங்கேயே செய்தால் என்ன என்ற கேள்வி எழுந்தது. 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’வை உருவாக்கின. அடுத்த வருஷம் திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் இங்கிலாந்தில் இருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். 1957-ல் பாகங்கள் செய்யும் அச்சுகளும் கருவிகளும் வந்து சேர்ந்தன. 1962 வாக்கில் முழு வண்டியும் இங்கேயே தயாரானது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். தாய் வீட்டில் கதை முடிந்துவிட்டது. ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. இங்கிலாந்தில் மிச்சமிருந்த தயாரிப்பும் 1970-ல் நின்றது. ஜப்பான் வண்டிகளின் வேகத்துக்கு முன்னால் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் தொழிலே சாய்ந்தது. திருவொற்றியூர் மட்டும் 1955-ல் கற்றுக்கொண்டதையே செய்துகொண்டிருந்தது. 1977-ல் அதே வண்டியை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்ய ஆரம்பித்தது. தாத்தாவின் நாற்காலியைத் தாத்தா வீட்டுக்கே விற்ற கதை!

இதை இந்தியர்களின் பாரம்பரியப் பற்று என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது கொஞ்சம் மிகை. அன்றைய லைசென்ஸ் முறையில் புது மாடல் கொண்டுவருவது லேசில்லை. போட்டியும் பெரிதாக இல்லை. ராணுவமும் போலீஸும் அதே வண்டியையே கேட்டன. அம்பாசடர் கார் 2014 வரைக்கும் ஓடியதன் பின்னால் இருந்த அதே சூழ்நிலைதான். புல்லட்டை யாரும் திட்டமிட்டுப் பாதுகாக்கவில்லை. மாற்ற வேண்டிய கட்டாயம் யாருக்கும் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தேக்கத்தில் ஒரு நல்லதும் விளைந்தது. அதைப் புரிந்துகொள்ள இன்ஜினைக் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும்.

குறுக்கே 70, உயரம் 90

புல்லட் 350 இன்ஜினின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிற தூரம் 90 மி.மீ. இந்த இரண்டு எண்ணில் இருந்துதான் 346 சி.சி. என்ற கணக்கு வருகிறது. விட்டத்தைவிடத் தூரம் அதிகம் என்பதால் இதை ‘லாங் ஸ்ட்ரோக்’ இன்ஜின் என்பார்கள். கிணற்றில் நீளக் கயிறு போட்டு இறைக்கிற மாதிரி: வேகமாக இழுக்க முடியாது, ஆனால் ஒவ்வொரு இழுப்பிலும் நிறையத் தண்ணீர் வரும். இதோடு கனமான ஃப்ளைவீல் இரண்டு. ஒருமுறை சுற்ற ஆரம்பித்தால் லேசில் நிற்காது. அதனால்தான் மெதுவாகப் போகும்போதும் இன்ஜின் திணறாது. சிறுமலை ஏறுகிற ரோட்டில் 18 கொண்டை ஊசி வளைவு. பின்னால் ஆளும் மூட்டையும் இருந்தாலும் பழைய புல்லட் நிதானமாக மூச்சுவிட்டுக்கொண்டே ஏறிவிடும். 18 குதிரைத்திறன்தான். இன்றைக்கு 150 சி.சி. வண்டியிலேயே கிட்டத்தட்ட அவ்வளவு கிடைக்கிறது. ஆனால் அந்தத் திறன் எந்த வேகத்தில் கிடைக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

சத்தத்தின் ரகசியமும் இங்கேதான். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் பெட்ரோல் வெடிக்கும். புல்லட் நிமிஷத்துக்கு 800 சுற்றில் நின்று முனகுகிறது என்று வைத்துக்கொண்டால், நிமிஷத்துக்கு 400 வெடிப்பு. நொடிக்கு ஆறு, ஏழு. ஒவ்வொன்றையும் காது தனித்தனியாகக் கேட்கிறது. 1,400 சுற்றில் நிற்கிற 100 சி.சி. வண்டியில் நொடிக்குக் கிட்டத்தட்ட பன்னிரண்டு. அது ஒரே இரைச்சலாகக் கலந்துவிடும். ஆக, அந்த ‘டப்... டப்...’ சைலன்சரில் பிறப்பதில்லை. பெரிய சிலிண்டர், மெதுவான சுற்று, கனமான ஃப்ளைவீல் மூன்றும் சேர்ந்து தருவது.

இன்னொரு விஷயம் கம்ப்ரஷன். உள்ளே வருகிற பெட்ரோல்-காற்றுக் கலவையைப் பழைய புல்லட் ஆறரை மடங்குதான் அழுத்துகிறது. போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் தரம் குறைந்த பெட்ரோல்தான் கிடைத்தது, அதற்கேற்ப அமைத்தார்கள். இந்தியாவிலும் பல வருஷம் அதே நிலைமை என்பதால் இந்த இன்ஜின் இங்கே சரியாகப் பொருந்தியது. அழுத்தம் குறைவு என்றால் தேய்மானமும் குறைவு, தப்புக்கு மன்னிப்பும் அதிகம்.

‘காஸ்ட் அயர்ன்’ என்ற பெயர் சிலிண்டரை வைத்து வந்தது. மேலே ஹெட் அலுமினியம். நடுவில் சிலிண்டர் வார்ப்பிரும்பு. இரும்பு சீக்கிரம் சூடு இறங்காது, கனமும் அதிகம். ஆனால் தேய்ந்துபோனால் லேத் பட்டறையில் கொடுத்து போர் போட்டு, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட்டால் மறுபடியும் புது இன்ஜின். இன்னும் தேய்ந்தால் மறுபடியும் போர். கடைசியில் உள்ளே ஒரு ஸ்லீவ் அடித்து முதலில் இருந்து ஆரம்பிக்கலாம். கியர்பாக்ஸ், இன்ஜினின் முதுகில் போல்ட் போட்டு மாட்டிய தனிப் பெட்டி. இன்ஜினைத் தொடாமல் கியரைப் பார்க்கலாம். கியரைத் தொடாமல் இன்ஜினைப் பார்க்கலாம்.

அந்தத் தனிப் பெட்டியால் இன்னொரு கூத்தும் நடந்தது. பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் இன்ஜினை மாட்டினார்கள்! பட்டறைகள் செய்ததைப் பார்த்து கம்பெனியே 1990-களில் 325 சி.சி. கிரீவ்ஸ் லொம்பார்டினி டீசல் இன்ஜினோடு ஒரு புல்லட் விட்டது. ஆறரை குதிரைத்திறன்தான். வேகம் கிடையாது, உடம்பெல்லாம் ஆடும். ஆனால் மைலேஜுக்காக அதைத் தேடி வாங்கியவர்கள் உண்டு.

ஸ்பானரும் உப்புத்தாளும்

இந்த வடிவமைப்பை மெக்கானிக் பக்கத்தில் இருந்து பார்த்தால் இன்னொரு படம் தெரியும். உதாரணத்துக்கு டேப்பெட் அட்ஜஸ்ட்மென்ட். வால்வைத் திறக்கிற கம்பிக்கும் அதன் அடியில் இருக்கிற பாகத்துக்கும் நடுவில் இடைவெளி சரியாக இருக்க வேண்டும். பல இன்ஜின்களில் இதை அளக்க மெல்லிய தகடுகளைச் செருகிப் பார்ப்பார்கள். பழைய புல்லட்டில் இன்ஜின் ஆறிய பிறகு வலது பக்கம் இருக்கும் சின்ன மூடியைக் கழற்றி, ஒன்றிரண்டு ஸ்பானரால் திருகி, புஷ் ராடை விரலால் சுற்றிப் பார்க்க வேண்டும். லேசாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அளவுகோல் விரல்தான். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பையன் கூட ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள்.

ஸ்டார்ட் பண்ணுவதற்கும் ஒரு பாடம் உண்டு. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கிற ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம். டீகம்ப்ரஷர் லிவரைப் பிடித்து உள்ளே இருக்கிற அழுத்தத்தைக் கொஞ்சம் விட்டு, கிக்கரை இன்னும் ஒரு சிட்டிகை தள்ளி, லிவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே மிதி. தெரிந்தவருக்கு ஒரே கிக். தெரியாதவருக்குக் கணுக்காலில் அடி. வாங்கியவர்கள் மறக்க மாட்டார்கள்.

பட்டறை வாசலில் நடக்கிற பேச்சும் இப்படித்தான் இருக்கும்:

“அண்ணே, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. நேத்துவரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு.”

“பாயிண்ட் கருகியிருக்கும் தம்பி. உப்புத்தாள் வச்சு ரெண்டு தேய்ப்பு தேய்ச்சா சரியாயிரும். டீ குடிச்சிட்டு வா.”

டீ குடித்துவிட்டு வருவதற்குள் வண்டி தயார். செலவும் டீ செலவுக்குக் கொஞ்சம் மேலே. வண்டி ஏன் நின்றது என்று கண்ணால் பார்க்க முடிகிறது, கையால் தொட முடிகிறது. ஐம்பத்தைந்து வருஷம் ஒரே வடிவமைப்பு ஓடியதால், 1965 வண்டியைப் பிரித்த கைக்கு 1995 வண்டியும் புதுசாகத் தெரியவில்லை. ஒரு மெக்கானிக் தன் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பையனின் காலத்திலும் செல்லுபடியானது. டெல்லி கரோல் பாக் தெருக்களில் இருந்து திண்டுக்கல் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வரைக்கும் இந்த ஒரு இன்ஜினை நம்பி ஒரு பொருளாதாரமே உருவானது. காலத்தில் தேங்கிப்போன வடிவமைப்பு கொடுத்த எதிர்பாராத வரவு அது.

பழசை ரொம்பவும் தூக்கிவைக்கவும் வேண்டாம்

‘அந்த இரும்பு இன்ஜின் மாதிரி வராது’ என்று பேசுகிறவர்கள் சில விஷயங்களை வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஆயில் ஒழுகாத பழைய புல்லட்டைப் பார்ப்பது கஷ்டம்; ‘ஆயில் ஒழுகலைன்னா ஆயில் இல்லைன்னு அர்த்தம்’ என்று ஜோக் உண்டு. கனெக்டிங் ராடின் பெரிய முனையில் இருக்கிற புஷ்ஷுக்கு ஆயில் சரியாகப் போகாவிட்டால் இன்ஜின் மொத்தமும் இறங்கிவிடும். டிரம் பிரேக்கோ, பிடித்தால் நின்றால் உண்டு. 160 கிலோவுக்கு மேல் கனமான வண்டி, குறுக்கே ஆடு வந்தால் என்ன ஆகும்? கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வேறு வண்டி ஓட்டிப் பழகியவர்கள் அவசரத்தில் பிரேக் என்று நினைத்து கியரை மிதித்த கதைகள் ஏராளம். புகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சந்தையும் இதைச் சொன்னது. 1980-களில் ஓசூரில் இருந்து வந்த டி.வி.எஸ். 50-ம், பிறகு ஹீரோ ஹோண்டா சி.டி. 100-ம் கிராமத்து ரோட்டைப் பிடித்துக்கொண்டன. நிலக்கோட்டை மல்லிகையும் ஒட்டன்சத்திரம் காய்கறியும் விடிகாலையில் சந்தைக்கு வருவது பெரும்பாலும் மொபெட் முதுகில்தானே தவிர, புல்லட் முதுகில் இல்லை. ஐஷர் குழுமம் 1994-ல் கம்பெனியை எடுத்துக்கொண்ட பிறகும் நிலைமை சரியாகவில்லை. 2000-ம் ஆண்டு வாக்கில் மாதம் சுமார் 2,000 வண்டிதான் விற்றது. மூடிவிடலாமா என்ற பேச்சே நடந்தது. 26 வயதில் பொறுப்பேற்ற சித்தார்த்த லால் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது தனிக் கதை.

இன்ஜினும் கட்டம் கட்டமாக மாறியது. ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தோடு சேர்ந்து செய்த அலுமினிய இன்ஜின் 1999-ல் வந்தது. சிக்கனமானது, நம்பகமானது, ஆனால் ‘அந்த சத்தம் இல்லையே’ என்று ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். 2008-ல் ‘யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன்’ இன்ஜின்: கியர்பாக்ஸும் இன்ஜினும் ஒரே கூட்டுக்குள் போயின. சிலிண்டர் அளவு அதே 70-க்கு 90. ஆனால் டேப்பெட் ஹைட்ராலிக், தானே சரிசெய்துகொள்ளும். விரலால் சுற்றிப் பார்க்கிற வேலைக்கு அத்தோடு முடிவு. 2020-ல் வந்த ‘ஜே-சீரிஸ்’ இன்ஜினில் புஷ் ராடே இல்லை, 72-க்கு 85.8 என்று அளவும் மாறியது. அதிர்வை அடக்க ஒரு பேலன்சர் ஷாஃப்ட், பெட்ரோலை அளந்து தெளிக்க ஃபியூல் இன்ஜெக்‌ஷன், எல்லாவற்றையும் கவனிக்க ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. 349 சி.சி.யில் 20 குதிரைத்திறன் சொச்சம். 2023-ல் புல்லட்டுக்கும் இதே இன்ஜின் வந்தது.

இதில் எதையும் குறை சொல்ல முடியாது. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்கெல்லாம் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமானதும், 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி வந்ததும் நல்லதற்குத்தான். புது புல்லட் பழசைவிட நல்ல வண்டி. ஒழுகாது, உதைக்காது, சொன்ன இடத்தில் நிற்கும். ஆனால் நடுவழியில் மஞ்சள் விளக்கு எரிந்தால்?

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

மஞ்சள் விளக்கு எரிந்தால் உப்புத்தாள் உதவாது. கம்ப்யூட்டர் பெட்டி தன் கோளாறை ஒரு எண்ணாக எழுதி வைத்திருக்கும். அதைப் படிக்கிற கருவியும், படித்ததும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிற புத்தகமும் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் மெக்கானிக். பெரும்பாலும் அது கம்பெனியின் சர்வீஸ் சென்டர். நத்தத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் வண்டி நின்றால், டவுனுக்கு ஏற்றிக்கொண்டு வர வேண்டும். இது ஒரு கம்பெனியின் பிரச்சினை இல்லை. இன்றைய எல்லா வண்டிக்கும் உள்ளதுதான். ஆனால் புல்லட்டில்தான் இது உறைக்கிறது. ஏனென்றால் கம்பெனிகள் விளம்பரத்தில் விற்கிற பழமை, மரத்தடி மெக்கானிக் கட்டிக்காத்த பழமை.

சட்டம் இந்தப் பக்கம் திரும்பாமல் இல்லை. உதிரி பாகங்களையும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் தடுத்ததற்காக 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. விவகாரம் மேல்முறையீடுகளுக்குள் போய்விட்டது. ‘ரிப்பேர் செய்யும் உரிமை’ பற்றி ஆராய மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அந்த வருஷ டிசம்பரில் இணையதளமும் திறந்தது. அதில் செல்போன், வீட்டு உபயோகப் பொருள், விவசாயக் கருவி, வாகனம் என நாலு துறைகள். ஆனால் அது ஒரு தகவல் பலகைதான். கம்பெனி விருப்பப்பட்டால் தகவல் போடலாம். போடச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிற பல் அதற்கு இல்லை.

அரசு அந்தப் பல்லைக் கொடுக்க வேண்டும். முதல் வேலை, சர்வீஸ் மேனுவலைத் தமிழில், எல்லோருக்கும் கிடைக்கிற மாதிரி வெளியிட வைப்பது. கோளாறு எண்ணைப் படிக்கிற கருவியை நியாயமான விலைக்கு எந்தப் பட்டறையும் வாங்கலாம் என்று விதி செய்வது. ‘வெளியில் ரிப்பேர் பார்த்தால் வாரண்டி போச்சு’ என்ற பயமுறுத்தலுக்கு வரையறை வைப்பது. ஐ.டி.ஐ.களில் படிக்காமல் தொழிலில் இறங்கிய நாற்பது வயது மெக்கானிக்குக்கு மாலை நேர வகுப்பு நடத்துவது. பாயிண்ட் தேய்த்த கைக்கு சென்சார் பார்க்க வராது என்று சொல்வது அந்தக் கையை அறியாதவர் பேச்சு. கார்பரேட்டரில் இருந்து எத்தனையோ மாற்றங்களை அந்தக் கை பார்த்துவிட்டது. மூடி வைத்த பெட்டியைத்தான் அது பார்த்ததில்லை.

கம்பெனிகளுக்கும் இதில் நஷ்டம் இல்லை. ஐம்பத்தைந்து வருஷம் ஊர் ஊராக இருந்த பட்டறைகளே இந்த வண்டிக்குச் சம்பளம் வாங்காத விளம்பரதாரர்கள். ஷோரூம் இல்லாத ஊரிலும் ஒருவர் தைரியமாக புல்லட் வாங்கியது, அங்கே ஒரு மெக்கானிக் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான்.

இப்போதைக்கு எல்லோரும் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். புது வண்டி வாங்கிய இளைஞர்கள் முதல் வாரத்திலேயே சைலன்சரை மாற்றி, தெருவே அதிரும்படி போகிறார்கள். மேலே பார்த்த மாதிரி பழைய சத்தம் சைலன்சரில் இருந்து வந்ததே இல்லை. இவர்கள் கூட்டுவது இரைச்சலை மட்டும். ஒலி மாசுக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். போலீஸ் பிடித்து ரோடு ரோலரில் நசுக்கும்போது யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை.

திண்டுக்கல்லுக்கு இந்தக் கதை புதிதில்லை. கையால் ராவிச் செய்த திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே பெருமைப்பட்டது. ஆனால் அலிகாரில் இருந்து மெஷினில் செய்த மலிவுப் பூட்டு வந்து சந்தையைப் பிடித்ததில் பட்டறைகள் ஏற்கெனவே சுருங்கிவிட்டன. பெயர் காப்பாற்றப்பட்டது, பெயருக்குப் பின்னால் இருந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

பழைய வண்டிக்காரருக்கு வரும் பில்

மீதமிருக்கிற பழைய வண்டிகளை என்ன செய்வது? 15 வருஷம் தாண்டிய டூவீலரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்கிற கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயில் இருந்து 1,000 ஆனது. 20 வருஷம் தாண்டியதற்கு 2025 ஆகஸ்ட்டில் 2,000 ஆனது. பழைய வண்டிகளைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கம் புரிகிறது. ஆனால் விதியில் ஒரு விசித்திரம் இருக்கிறது. 2021-ல் கொண்டுவந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டியை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்யலாம். அதற்குப் புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சி, பேரணி மாதிரி காரியங்களுக்குத்தான் ஓட்டலாம். பணக்காரர் ஷெட்டில் துணி போட்டு மூடி வைத்திருக்கிற வண்டிக்கு இது சரி. 1988 மாடலில் தினமும் தோட்டத்துக்குப் போகிற விவசாயிக்கு இதில் இடமே இல்லை. அவருடையது விண்டேஜும் இல்லை, புதுசும் இல்லை, வெறும் பழசு.

அவர் தலையில் இப்போது விழுந்திருக்கிற இன்னொரு பாரம் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதற்காகச் செய்யப்படாத பழைய ரப்பர் பாகங்களை ஊறவைத்துக் கெடுக்கும். கலவையில் காற்றின் பங்கும் கூடிவிடுவதால் இன்ஜின் கூடுதலாகச் சூடாகலாம். ஆனால் இங்கேயும் அந்தப் பழைய வடிவமைப்பு கைகொடுக்கிறது. எத்தனால் தாங்குகிற ரப்பர் வாஷரும் பைப்பும் மாற்றி, கார்பரேட்டரில் ஜெட்டை ஒரு நம்பர் பெரிசாகப் போட்டு, பிளக்கின் நிறத்தைப் பார்த்து மறுபடியும் திருகிச் சரிசெய்துவிடலாம். எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம். அரசு செய்ய வேண்டியது, எந்த வருஷ மாடலுக்கு எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்ற பட்டியலைக் கம்பெனிகளிடம் வாங்கி ஒவ்வொரு ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் ஒட்டி வைப்பது; அந்தப் பாகங்கள் திண்டுக்கல் கடைகளிலும் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வது. மிச்சத்தைப் பட்டறைகள் பார்த்துக்கொள்ளும்.